ஷிமென் காட்டில் அமர்ந்து வரைந்தது

காட்டில் உட்காராமல் பாங் யூலின் மூங்கில் வரையமாட்டார் என்பது அந்த வட்டாரம் முழுக்கத் தெரிந்த சங்கதி. மழை கொட்டினாலும் பனை நாரில் தைத்த மழையங்கியைப் போர்த்திக்கொண்டு, மை தேய்க்கும் மைக்கல்லை மடியில் கட்டிக்கொண்டு மேலே ஏறிவிடுவார். அரை நாள் சும்மா பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு பாறையின்மேல் காகிதத்தை விரித்து, தூரிகையைத் தோய்த்தால், ஒரு குவளைத் தேநீர் ஆறுவதற்குள் படம் முடிந்திருக்கும். ஓரத்தில் ஆண்டையும் மாதத்தையும் போட்டு, ‘ஷிமென் காட்டில் அமர்ந்து வரைந்தது’ என்று எழுதிச் சிவப்பு முத்திரை வைப்பார். படம் தேடி வருகிற நகரத்துப் பெரியமனிதர்கள் இலையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த வரியைத்தான் தேடுவார்கள். பாங் யூலினின் மூங்கில் பொய் சொல்லாது என்பார்கள்.

அரசுத் தேர்வில் மூன்று முறை தோற்றவர் அவர். நாற்பத்து நான்கு வயது. பிள்ளை இல்லை. மனைவி லான்சி மலைக்காரி. மூங்கில் வெட்டிப் பிழைக்கிற குடும்பத்துப் பெண். அவளுடைய தம்பி தேஷான் மேல் ஷிமென் கிராமத்தில் இருந்தான். ஆறு ஆள் உயரக் கழிகளைத் தோளில் சுமந்து, செங்குத்தான பாதையில் ஓடியே இறங்குகிறவன். யூலின் காட்டுக்கு வந்தால் வெட்டுக்கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் வந்து நிற்பான்.

“அத்தான், நீங்க வரையுற மூங்கிலை வெச்சு ஒரு கூடை பின்ன முடியுமா?”

“உன் மூங்கிலை வெச்சு ஒரு கவிதை எழுத முடியுமா?”

“கவிதையை வெச்சு பன்னிக்குத் தண்ணி காட்ட முடியாதே அத்தான்.”

இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். ஆனால் ஒருநாள் தேஷான் ஒரு படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இது மூணு வருஷத்து மூங்கில். இன்னும் ஒரு வருஷம் விட்டு வெட்டணும்” என்றான். நகரத்துப் புலவர்கள் எத்தனையோ பாராட்டி எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எழுதியதையெல்லாம்விட இந்தச் சொல்லைத்தான் யூலின் பல வருடம் மனசுக்குள் வைத்திருந்தார்.

புலி ஆண்டு மூன்றாம் மாதம் தேஷான் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்து அவர் வீட்டு மேசைமேல் போட்டான். வழக்கமான கிண்டல் இல்லை.

“பூத்திருக்கு அத்தான்.”

பூ என்று சொன்னால்தான் பூ. இதழும் இல்லை, மணமும் இல்லை. உமி மாதிரி கொத்துக் கொத்தாக, ஒவ்வொன்றிலும் மஞ்சள் நூல்போல ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கிளையில் இலையே இல்லை.

“எத்தனை மூங்கில்ல?” என்றார் யூலின்.

“எத்தனையா? வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தார். மலையின் இந்தச் சரிவும் பூத்திருந்தது, அந்தச் சரிவும் பூத்திருந்தது. கிழட்டு மூங்கிலோடு சேர்ந்து போன வருடம் முளைத்ததும் பூத்திருந்தது. பூத்த மூங்கில் செத்துப்போகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒரே வேரில் கிளைத்த காடு ஒன்றாகவே போகும். கடைசியாகப் பூத்தது தேஷானுடைய தாத்தாவின் அப்பா காலத்தில். அந்த வருடத்துப் பேச்சை வீட்டில் யாரும் விவரமாகச் சொன்னதில்லை. யூலின் தன் வழக்கமான பாறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மைக்கல்லை மடியிலிருந்து எடுக்கவேயில்லை. பூத்த மூங்கிலை யாரும் வரைந்ததில்லை. வீட்டுக்கு ஆகாது என்பார்கள்.

அடுத்த மாதம் வட்ட அதிகாரி கோங்கிடமிருந்து ஆள் வந்தது.

கோங் மெலிந்த மனிதர். ஓயாமல் இருமுவார். மரியாதை தெரிந்தவர், தேநீரைத் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார்.

“மலையில என்னமோ பூத்திருக்காமே?”

“காடு முழுக்க, ஐயா.”

“முழுக்க இருக்காது. ஒரு ஓரமா இருக்கும்.”

“இல்லைங்க ஐயா, முழுக்க...”

கோங் குவளையின் மூடியை மெல்லச் சாத்தினார். “ஒரு ஓரமா இருக்கும்” என்றார், அதே குரலில்.

யூலின் தன் குவளையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“அஞ்சாம் மாசம் ஆளுநர் ஷென் அவர்களுக்கு அறுபது நிறையுது. உங்க மூங்கில்னா அவருக்கு உயிர். நம்ம வட்டத்துச் சார்பா ஒரு படம் போகணும். பெருசா, சுவர் நிறைய. செழிப்பா இருக்கணும்.”

“நான் பார்க்காததை வரையுறதில்லீங்க ஐயா.”

“இருபது வருஷமாப் பார்த்திருக்கீங்க. கண்ணை மூடினா வராதா?” கோங் இருமிவிட்டு, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். “சொல்றதைக் கேளுங்க. இந்தப் பேச்சு வெளிய போச்சுன்னா வியாபாரிங்க படகு ஒண்ணுகூட இந்தப் பக்கம் திரும்பாது. உங்க மச்சினன் வெட்டிப் போட்டிருக்கானே, அந்தக் கழியை யார் வாங்குவா? இந்த வருஷம் வெட்டினதையாவது வித்து முடிக்கட்டும். கஷ்டம்னு ஒண்ணு வந்தா அரசாங்கத் தானியக் களஞ்சியத்தை நானே திறக்கறேன். என் வாக்கு.”

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோலத்தான் பட்டது. பயமும் இருந்தது. இரண்டுக்கும் அடியில் இன்னொன்றும் இருந்ததை யூலின் பின்னாளில்தான் தனக்குத்தானே ஒப்புக்கொண்டார்: ஆளுநரின் கூடத்தில், சுவர் நிறைய, தன் படம்.

வீட்டில், சன்னல் கதவைச் சாத்திவிட்டு வரைந்தார். கண்ணை மூடியபோது வந்தது. இருபது வருடத்து மழையும் வெயிலும் கணுக்கணுவாக வந்து நின்றன. தண்டை இழுத்த கை ஓர் இடத்திலும் தயங்கவில்லை. கணுவில் தூரிகையை அழுத்தி எடுக்கும்போதே அடுத்த கணு தெரிந்தது. பின்னால் நிற்கும் மூங்கில்களுக்கு நீர்த்த மை, முன்னால் நிற்பவற்றுக்குக் கெட்டி மை. நடுவில் வெறும் காகிதமாக விட்ட இடத்தில் காலை மூடுபனி தானாக வந்து தங்கியது. அதுவரை வரைந்தவற்றில் இதுதான் உயர்ந்தது என்று முடிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. பல வருடங்களுக்குப் பிறகு அவருக்கு வாய்விட்டுப் பாடத் தோன்றியது.

ஓரத்தில் எழுதவேண்டிய இடம் வந்ததும் கை நின்றது. அந்த வரி இல்லாவிட்டால் அது பாங் யூலினின் படம் இல்லை. அதற்காகத்தான் கோங் அவரைக் கூப்பிட்டதே. எழுதினார். ‘புலி ஆண்டு, நான்காம் மாதம், ஷிமென் காட்டில் அமர்ந்து வரைந்தது.’ முத்திரையையும் வைத்தார்.

லான்சி வந்து பார்த்தாள். அவளுக்குக் கொஞ்சம் எழுத்து தெரியும்.

“காட்டுக்கு எப்பப் போனீங்க?”

அவர் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு அவள் துணி உலர்த்தப் போய்விட்டாள்.

ஆறாம் மாதம் மூங்கிலரிசி உதிர்ந்தது. காடு முழுக்கப் பாய் விரித்துப் பெண்களும் பிள்ளைகளும் கூட்டி அள்ளினார்கள். சட்டி சட்டியாகக் கஞ்சி காய்ச்சினார்கள். கோதுமை மாதிரி ஒரு வாசனை. தேஷான் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து அக்காவின் வீட்டில் போட்டான்.

“பூத்தா பஞ்சம் பஞ்சம்னு கிழடுங்க பயமுறுத்துச்சுங்களே, இங்க பாரு, எனக்குத் தொப்பை போட்டிருக்கு” என்று வயிற்றைத் தட்டிக் காட்டினான். அவன் பெண்டாட்டி மெய்கு அப்போது மூன்றாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். “உனக்கா அவளுக்கா?” என்று லான்சி கேட்டதும் வீடே சிரித்தது. யூலினும் சிரித்தார். எல்லாம் சரியாகிவிடும் என்று அன்று அவர் நிஜமாகவே நம்பினார்.

எலிகளுக்கும் மூங்கிலரிசி பிடிக்கும். தின்று, ஊதி, குட்டி மேல் குட்டி போட்டன. காட்டில் அரிசி தீர்ந்ததும் எட்டாம் மாதம் கூட்டமாகக் கீழே இறங்கின. சரிவில் மலைக்காரர்கள் போட்டிருந்த சோளமும் தினையும் மூன்றே இரவில் தட்டையாயின. குதிருக்குள் இருந்ததும் போயிற்று. தொட்டிலில் கிடந்த குழந்தையின் காதைக் கடித்ததாகச் சொன்னார்கள். குளிர்காலம் வந்தபோது காடு வைக்கோல் நிறத்தில் நின்றது. காற்றடித்தால் இலைச் சத்தம் வருவதற்குப் பதிலாகத் தண்டோடு தண்டு மோதும் சத்தம்தான் வந்தது. வெட்ட நல்ல கழி இல்லை; செத்த மூங்கில் கையிலேயே நொறுங்கியது. மண்ணுக்குள் தோண்டினால் குளிர்காலக் குருத்து ஒன்றுகூட இல்லை. மேல் ஷிமெனில் முப்பத்தொரு வீடுகள். மரப்பட்டையை இடித்து மாவாக்கத் தொடங்கினார்கள். மெய்குவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, பால் இல்லை. ஒன்பது நாள் இருந்தது.

கோங் களஞ்சியத்தைத் திறக்கவில்லை. திறக்கவேண்டும் என்றுதான் நினைத்திருப்பார்போல. ஆளுநரின் அனுமதி இல்லாமல் முடியாது என்பதால் கடிதம் எழுதினார். பதில் வந்தது. அந்தப் பதிலில் என்ன இருந்தது என்பதை யூலின் தேஷானின் வாயால்தான் கேட்டார்.

மலைக்காரர்கள் நாற்பது பேர் புத்தாண்டு கழிந்ததும் கீழே இறங்கிக் களஞ்சிய வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் நின்று பேசியவன் தேஷான். மறுநாள் மாலை அவனை ஒரு கதவுப் பலகையில் கிடத்தி, நாலு பேர் யூலின் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தொடையிலிருந்து முழங்கால்வரை தோல் இல்லை. மூங்கில் பட்டையால் அடித்திருக்கிறார்கள். வேறு எதனால் அடிப்பார்கள்?

லான்சி வெந்நீர் வைக்க ஓடினாள். யூலின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“முப்பது அடிதான் முதல்ல சொன்னாங்க” என்றான் தேஷான். உதடு வெடித்திருந்தது. “அப்புறம் பத்து கூடிப்போச்சு.”

“பேசாதே. தூங்கு.”

“இல்லத்தான், இதைக் கேளுங்க. கோங் ஒரு கடுதாசியைப் படிச்சாரு. ஆளுநர் எழுதினதாம். பாங் யூலினே நாலாம் மாசம் காட்டுல உட்கார்ந்து வரைஞ்சு குடுத்திருக்காரு, காடு எப்படி நிக்குதுன்னு என் கூடத்துச் சுவர்ல தினமும் பார்க்கறேன், பஞ்சம்னு எழுத உமக்கு வெட்கமா இல்லையான்னு. எல்லாரும் என்னையே பார்க்கறாங்க. நான் சொன்னேன், எங்கத்தான் பார்க்காததை எழுதமாட்டாரு, வேற எவனோ அவர் பேரைப் போட்டு எழுதியிருக்கான், நீங்க பொய் சொல்றீங்கன்னு. அதுக்குத்தான் அந்தப் பத்து.” அவன் சிரிக்கப் பார்த்தான். “நீங்களே வந்து சொன்னா நம்புவாங்க அத்தான்.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

“நான்தான் எழுதினேன்” என்றார் யூலின்.

தேஷான் அவரையே பார்த்தான். கோபம் இல்லை. ஏதோ கணக்கு புரியாதவன் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஓ” என்றான். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். காய்ச்சல் வந்தது. ஆறாம் நாள் விடியும்போது போய்விட்டான். அதற்குள் அக்காவிடம் பேசினான், மலையிலிருந்து இறங்கி வந்த மெய்குவிடம் பேசினான். யூலினிடம் மட்டும், தண்ணீர் கொடுத்தபோது, “போதும்” என்று ஒரே ஒரு முறை சொன்னான்.

மலையில் புதைத்தார்கள். குழிமேட்டில் யூலின் விம்மியபோது லான்சி திரும்பிப் பார்த்தாள்.

“நீங்க அழாதீங்க” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அன்றே மெய்குவோடும் இரண்டு பிள்ளைகளோடும் மேல் ஷிமெனிலேயே தங்கிவிட்டாள்.

யூலின் தனியாகக் காட்டுக்குப் போனார். கீழே விழுந்து கிடந்த தண்டுகளைத் தாண்டித் தாண்டிப் பாறையைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். போன வசந்தத்தில் பார்த்த பூவும் இப்போது எதிரே நிற்கும் சாவும் ஒரே படத்தில் வரவேண்டும். அதற்குக் கை பழகியிருக்கவில்லை. மூங்கில் இலைக்கு ஒரு வீச்சு உண்டு. உமிப் பூவுக்கு என்ன வீச்சு? ஏழு காகிதங்களைக் கிழித்தார். எட்டாவதில், மையைப் பாதிக்குமேல் வடித்துவிட்டு, உலர்ந்த தூரிகையை மயிர் பிரியப் பிரிய வைத்து வைத்து எடுத்தபோது பூ வந்தது. தண்டுகளை நேராக இழுக்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தபடியே வரைந்தார். ஆண்டு, மாதம், அந்த வரி. இம்முறை பாறையின்மேல் வைத்தே எழுதினார்.

படத்தைச் சுருட்டி எண்ணெய்த் துணியில் பொதிந்து முதுகில் கட்டிக்கொண்டு ஐந்து நாள் நடந்தார். நகரத்தில் ஆளுநர் மாளிகை வாசலில் பெயரைச் சொன்னதும் கதவு திறந்தது. ஷென் தானே கூடத்துக்கு வந்து வரவேற்றார். உருண்டை முகம், சந்தோஷமான கண்கள்.

“பாங் யூலினா! இந்தக் கோலத்துலயா? செருப்பு பூரா சேறு! உட்காருங்க, உட்காருங்க. உங்க மூங்கிலைப் பார்க்காம நான் காலைக் கஞ்சி குடிக்கறதில்லை, தெரியுமா?”

அவருக்குப் பின்னால், சுவர் நிறைய, அந்தப் படம் தொங்கியது. மூடுபனி அப்படியே இருந்தது. யூலின் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. முதுகுச் சுருளை அவிழ்த்துத் தரையில் விரித்தார்.

ஷென் குனிந்தார். முழங்காலிட்டார். மூக்கு காகிதத்தில் படும் அளவுக்குப் போய்ப் பார்த்தார்.

“அடடா! இந்த உலர்ந்த தூரிகை... இதை எங்க பிடிச்சீங்க? பூத்த மூங்கிலை இதுவரைக்கும் ஒருத்தரும் தொட்டதில்லையே!”

“ஐயா, தூரிகையைப் பார்க்காதீங்க. ஷிமென் காடு இப்படித்தான் இருக்கு. ஜனங்க பட்டையைத் தின்னுறாங்க. என் மச்சினனை அடிச்சுக் கொன்னுட்டாங்க. களஞ்சியத்தைத் திறக்க உத்தரவு போடணும்.”

ஷென் மெதுவாக எழுந்து நின்றார். முகத்திலிருந்த சந்தோஷம் வடிந்துவிட்டது. அவர் முட்டாள் இல்லை.

“அப்படின்னா அது?” என்று சுவரைக் காட்டினார்.

“வீட்டுல வரைஞ்சது. கோங் கேட்டாரு. பொய்.”

“அதுலயும் அமர்ந்து வரைந்ததுன்னு எழுதியிருக்கு. இதுலயும் எழுதியிருக்கு. ரெண்டுலயும் உங்க முத்திரை.” ஷென் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒண்ணு பொய்னு நீங்களே சொல்றீங்க. எது பொய்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது? மச்சினன் அடிபட்ட கோபத்துல இதை வரைஞ்சிருக்கலாம் இல்லையா?”

யூலின் மண்டியிட்டார். நெற்றி தரையில் பட மூன்று முறை வணங்கினார். “ஆள் அனுப்பிப் பாருங்க ஐயா. நான் இங்கேயே காவல்ல இருக்கறேன். பொய்யா இருந்தா என் கையை வெட்டுங்க.”

“கையை வெட்டுறதா? உங்க கையையா?” ஷென் உண்மையாகவே பதறிப்போனார். “எழுந்திருங்க. ஆள் அனுப்பறேன்.”

அனுப்பினார். மேலதிகாரியிடம் ஒப்புதல், பிறகு ஆள் தேர்வு, பிறகு மழையில் பாலம் உடைந்துபோயிற்று என்று ஒரு மாதம். பார்த்து வந்தவர் அறிக்கை எழுத இருபது நாள். ஏழாம் மாதம் தானியப் படகுகள் வந்தன. அப்போது மேல் ஷிமெனில் பதினொரு வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மற்றவர்களில் பாதிப்பேர் பிழைக்க இடம் தேடிப் போய்விட்டார்கள். மீதிப்பேரைக் குழியில்தான் தேடவேண்டும். தேஷானின் மூத்த மகளும் அவர்களில் ஒருத்தி. இளையவன் லியாங் பிழைத்தான். கோங்கை வேறு வட்டத்துக்கு மாற்றினார்கள். அதற்குமேல் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பூத்த மூங்கில் படத்தை ஷென் திருப்பி அனுப்பிவிட்டார். கலை உயர்ந்தது என்றாலும் வீட்டுப் பெண்கள் பயப்படுகிறார்கள் என்று கூடவே மரியாதையான ஒரு கடிதம். சுவரில் இருந்த பழைய படத்தை அவர் எடுக்கவில்லை என்று யூலின் கேள்விப்பட்டார்.

யூலின் கீழ்வீட்டைப் பூட்டிவிட்டு மேல் ஷிமெனுக்கே ஏறிப்போனார். செத்த மூங்கிலின் வேர்களைத் தோண்டி எடுத்தால்தான் சர்க்கரைவள்ளி போடமுடியும். வேர்கள் மண்ணுக்குள் பாய் பின்னியதுபோலப் பின்னிக் கிடந்தன. லான்சியும் மெய்குவும் ஒரு வரிசையில் தோண்டுவார்கள். அவர் தள்ளி இன்னொரு வரிசையில் தோண்டுவார். உள்ளங்கை கிழிந்து காய்த்தது. லான்சி அவருக்குச் சோறு போட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். மெய்கு அவர் இருக்கும் பக்கம் திரும்பமாட்டாள்.

அடுத்த குளிர்காலத்தில் நகரத்திலிருந்து உப்பு வியாபாரி ஒருவரின் ஆள் தேடிக்கொண்டு வந்தான். ஆளுநர் கூடத்தில் இருப்பதுபோலவே ஒரு படம் வேண்டுமாம். மூடுபனி அதேபோல இருக்கவேண்டும், ஓரத்து வரியும் வேண்டும். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள் ஐயா, உங்கள் பேர் எங்கேயோ போய்விட்டது என்றான். படத்துக்கு எட்டு மூட்டை அரிசி.

“நான் இப்ப வரையுறதில்லைப்பா” என்றார் யூலின்.

ஆள் பாதையில் இறங்கத் தொடங்கியபோது வீட்டுக்குள்ளிருந்து மெய்கு வந்தாள். இடுப்பில் லியாங். நாலு வயதுப் பிள்ளை இரண்டு வயதுக்குரிய எடைகூட இல்லாமல் இருந்தான். தேஷான் செத்த பிறகு அன்றுதான் அவள் யூலினின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“எட்டு மூட்டைன்னா எத்தனை மாசம் வரும் தெரியுமா உங்களுக்கு?”

“மெய்கு, அந்தப் படம்...”

“அந்தப் படம் என்னன்னு எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் எதுக்குச் செத்தாருன்னும் தெரியும். புள்ளைக்குப் பசிக்குது. வரைங்க.”

யூலின் லான்சியைப் பார்த்தார். அவள் கீழே ஓடி, அந்த ஆளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

மேசையைத் துடைத்து லான்சியே மை தேய்த்துக் கொடுத்தாள். காய்த்த கையிலும் தண்டு தயங்காமல் வந்தது. மூடுபனியும் வந்தது. அதன் பிறகு இருபத்திரண்டு வருடம், ஆண்டுக்கு ஏழெட்டு என்று அதே படத்தை வரைந்தார். எல்லாவற்றிலும் அதே வரியை எழுதினார். ஒருவரும் குறை சொன்னதில்லை. லியாங் வளர்ந்து, மலையை விட்டுப் போய், ஆற்றுத்துறையில் படகுக்காரன் ஆனான். புத்தாண்டுக்கு வருவான். அத்தைக்குத் துணி வாங்கி வருவான். மாமாவுக்கு மை வாங்கி வருவான். நல்ல மை, விலை உயர்ந்தது. யூலின் அதை இரண்டு கையாலும் வாங்கி வைத்துக்கொள்வார்.